கொலையாளிக்குக் கிடைத்த மன்னிப்பில் கொல்லப்பட்டோரின் இடம் எது?

கேள்வி: வேதபாட ஆசிரியர்

அனைவருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சபையின் இளைஞர் வகுப்பில் எழுந்த ஒரு கேள்வியை இங்கே வைக்கிறேன். வேதத்தையும் வரலாற்றையும் அருகருகே வைத்து எண்ணிப்பார்த்த பதில்கள் கிடைத்தால் நன்றியுள்ளவனாயிருப்பேன்.

நாஜி ஜெர்மனி போலந்தில் நடத்திய ஆஷ்விட்ஸ் வதைமுகாமின் தளபதியாக 1940 மே முதல் 1943 நவம்பர் வரை இருந்தவர் ருடால்ஃப் ஹோஸ். (ஹிட்லரின் துணைவராயிருந்த ருடால்ஃப் ஹெஸ் வேறொருவர்.) 1944-இல் ஹங்கேரி நாட்டு யூதர்கள் கொண்டுவரப்பட்டபோது, அந்தக் கொலைப்பணியை மேற்பார்வையிட அவர் மீண்டும் அங்கே அனுப்பப்பட்டார். அந்த முகாமில் ஏறத்தாழ 11 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் சுமார் 10 லட்சம் பேர் யூதர்கள். முகாமை ஒட்டியிருந்த வீட்டில் ஹோஸ் தம் மனைவியோடும் ஐந்து பிள்ளைகளோடும் குடியிருந்தார். மனைவியின் தோட்டம் பூக்கள் நிறைந்த சொர்க்கமாக இருந்தது என்று, பின்னாளில் சிறையில் எழுதிய குறிப்புகளில் அவரே சொல்லியிருக்கிறார். பிணங்களை எரித்த முதல் எரிகூடம் அந்தத் தோட்டத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது.

போர் முடிந்தபின் வேறு பெயரில் பண்ணையாளாக ஒளிந்திருந்தவர் 1946 மார்ச்சில் பிரிட்டிஷ் படையினரிடம் பிடிபட்டார். வார்சாவில் விசாரிக்கப்பட்டு, 1947 ஏப்ரல் 2 அன்று மரண தண்டனை பெற்றார். பக்தியுள்ள கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்து 1922-இல் திருச்சபையை விட்டு விலகியிருந்த அவர், போலந்தின் வாடோவிட்சே நகரச் சிறையில் இருந்தபோது ஒரு குருவானவரைக் கேட்டார். இயேசு சபையைச் சேர்ந்த விளாடிஸ்லாவ் லோன் என்னும் குரு வந்து, ஏப்ரல் 10 அன்று அவருடைய பாவ அறிக்கையைக் கேட்டு மன்னிப்பு வழங்கினார். மறுநாள் நற்கருணையும் வழங்கினார். ஏப்ரல் 16 அன்று ஆஷ்விட்ஸிலேயே, அந்த எரிகூடத்துக்கு அருகில் நிறுத்தப்பட்ட தூக்குமரத்தில் ஹோஸ் தூக்கிலிடப்பட்டார்.

இயேசுவின் அருகே சிலுவையில் மனந்திரும்பி, அன்றைக்கே பரதீசு வாக்களிக்கப்பட்ட கள்ளனைப் பற்றி வகுப்பு நடத்தியபோது, வரலாறு படிக்கும் ஒரு மாணவி இந்தச் செய்தியை எடுத்துச்சொல்லி இப்படிக் கேட்டார்: “லட்சக்கணக்கானவர்களைக் கொன்ற ஒருவர் ஒரே நாளில் மன்னிப்புப் பெற்றுப் பரதீசுக்குப் போகலாம் என்கிறோம். பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு நச்சுவாயு அறைக்குள் நடந்துபோன யூதத் தாய், கிறிஸ்துவை ஏற்றுக்கொள்ளாததால் எங்கே போனாள் என்று கேட்டால் மௌனமாகிவிடுகிறோம். இதை எப்படி நற்செய்தி என்று சொல்வது?” தேவனுடைய கிருபை அளவற்றது என்று பதில் சொன்னேன். அது உண்மைதான் என்றாலும், அவர் கேட்டதற்கு அது பதில் ஆகவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

பதில்: ஓய்வுபெற்ற போதகர்

அன்பு சகோதரரே, உங்கள் மாணவியின் கேள்வியை வேதாகமமே முன்பு ஒருமுறை எதிர்கொண்டிருக்கிறது. அதற்கு அது கொடுத்த பதில் நாம் பிரசங்கங்களில் கொடுக்கும் பதிலைவிட மிகவும் கடினமானது. நான் சொல்வது யூதாவின் ராஜாவாகிய மனாசேயின் வரலாறு.

பன்னிரண்டு வயதில் ராஜாவாகி ஐம்பத்தைந்து வருஷம் ஆண்டவன் மனாசே. தன் சொந்தப் பிள்ளையையே தீக்கடக்கப் பண்ணினான். எருசலேமை ஒரு மூலை தொடங்கி மறுமூலை வரை குற்றமற்ற இரத்தத்தால் நிரப்பினான் என்று 2 இராஜாக்கள் 21-ஆம் அதிகாரம் சொல்லுகிறது. ஏசாயா தீர்க்கதரிசியை மரம் அறுக்கும் வாளால் அறுத்துக் கொன்றவன் இவன்தான் என்பது யூதரின் பழைய மரபு. அப்படிப்பட்டவனை அசீரியர் விலங்கிட்டுப் பாபிலோனுக்குக் கொண்டுபோனபோது, அவன் தன் நெருக்கத்தில் தேவனுக்கு முன்பாக மிகவும் தன்னைத் தாழ்த்திக் கெஞ்சினான் என்றும், கர்த்தர் அவன் விண்ணப்பத்தைக் கேட்டு அவனைத் திரும்ப எருசலேமுக்கே வரப்பண்ணினார் என்றும் 2 நாளாகமம் 33-ஆம் அதிகாரம் சாட்சியிடுகிறது. நாம் பிரசங்கத்துக்கு எடுப்பது இந்தப் பகுதியைத்தான். எவ்வளவு பெரிய பாவியானாலும் ஜெபித்தால் மன்னிப்பு உண்டு என்று சொல்லி, ஆமென் போட்டு முடித்துவிடுகிறோம்.

ஆனால் 2 இராஜாக்கள் 24-ஆம் அதிகாரம் 3, 4 வசனங்களையும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். மனாசே இறந்து பல பத்தாண்டுகள் கழிந்துவிட்டன. இடையில் அவனுடைய பேரன் யோசியா தேசம் முழுவதையும் சீர்திருத்தியிருக்கிறான். அப்படியிருந்தும், யூதாவின் மேல் அழிவு வந்ததற்கு மனாசே சிந்தின குற்றமில்லாத இரத்தமே காரணம் என்றும், அதை மன்னிக்கக் கர்த்தருக்குச் சித்தமில்லை என்றும் அங்கே எழுதப்பட்டிருக்கிறது. ஒரே மனிதனைக் குறித்து, அவன் கெஞ்சினதைக் கேட்டார் என்று ஒரு புஸ்தகமும், அவன் சிந்தின இரத்தத்தை மன்னிக்கவில்லை என்று மற்றொரு புஸ்தகமும் சொல்லுகின்றன. எழுதியவர்களின் காலமும் நோக்கமும் வெவ்வேறு என்று வேத அறிஞர்கள் விளக்குவார்கள். அந்த விளக்கத்தை நான் மறுக்கவில்லை. ஆனாலும் இரண்டையும் ஒரே பரிசுத்த வேதமாகப் பெற்றிருக்கிற நாம், ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைக்க உரிமை பெற்றவர்கள் அல்ல. மனாசே என்னும் மனிதனைத் தேவன் ஏற்றுக்கொண்டார். ஆனாலும் கொலையுண்டவர்களின் இரத்தம் அவருக்கு முன்பாகப் பேசாமல் போகவில்லை. ஆபேல் கொலையுண்ட நாளிலிருந்தே அது அப்படித்தான்: “உன் சகோதரனுடைய இரத்தத்தின் சத்தம் பூமியிலிருந்து என்னை நோக்கிக் கூப்பிடுகிறது” என்று கர்த்தர் சொன்னபோது, கூப்பிடுகிறவனின் பக்கத்தில் நின்றுகொண்டுதான் காயீனோடு பேசினார். அப்போதும் காயீனைக் கொல்லவிடாமல் அவன்மேல் ஓர் அடையாளத்தைப் போட்டார். இரண்டையும் அவரே செய்தார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். எருசலேமுக்குத் திரும்பிவந்த மனாசே என்னென்ன செய்தான் என்று நாளாகமம் வரிசையாகச் சொல்லுகிறது. நகரத்தின் வெளி மதிலைக் கட்டினான். அரணான பட்டணங்களில் படைத்தலைவரை வைத்தான். அந்நிய தேவர்களையும் விக்கிரகத்தையும் ஆலயத்திலிருந்து எடுத்துப்போட்டான். கர்த்தருடைய பலிபீடத்தைச் செப்பனிட்டான். ஆராதனை சரிசெய்யப்பட்டது, பாதுகாப்பும் சரிசெய்யப்பட்டது. தன்னால் கொலையுண்டவர்களின் வீடுகளுக்கு அவன் போனதாகவோ, விதவைகளுக்கும் பிள்ளைகளுக்கும் ஏதாவது செய்ததாகவோ ஒரு வரியும் இல்லை. எரிகோவில் வரிவசூலிப்பவனாகிய சகேயு, அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்று எழுந்து நின்று சொன்ன பிறகுதான், இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்று ஆண்டவர் சொன்னார். மனாசேயின் மனந்திரும்புதல் பலிபீடம்வரை வந்தது. தெருவுக்குள் இறங்கியதாக நாளாகமத்தில் வாசிக்க முடியவில்லை. இரத்தத்தைக் குறித்த கணக்கு தீராமல் நின்றதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் தாழ்மையான எண்ணம்.

எனவே ஹோஸ் மன்னிக்கப்பட்டாரா என்று மட்டும் உங்கள் வகுப்பில் கேட்காதீர்கள். அவர் மன்னிக்கப்பட்டிருந்தால், அதனால் ஆஷ்விட்ஸின் இரத்தம் அமைதியாகிவிட்டதா என்றும் கேளுங்கள். முதல் கேள்விக்கு ஆம் என்று நம்பிக்கையோடு சொல்லலாம். இரண்டாவதற்கு ஆம் என்று சொல்ல வேதம் நமக்கு இடம் தரவில்லை.

பதில்: மறைக்கல்வி ஆசிரியை, கத்தோலிக்கர்

போதகர் ஐயாவின் பதிலை வாசித்தேன், மிக்க நன்றி. ஹோஸ் பெற்றது எங்கள் திருச்சபையின் ஒப்புரவு அருட்சாதனம் என்பதால், அதன் உள்ளடக்கத்தைப் பற்றிச் சில செய்திகளைச் சேர்க்க விரும்புகிறேன்.

பாவத்திற்காக மனம் வருந்துதல், குருவிடம் அறிக்கையிடுதல், பரிகாரம் செய்தல் ஆகிய மூன்றும் மன்னிப்பு வேண்டுபவரிடமிருந்து எதிர்பார்க்கப்படுகின்றன. குரு வழங்கும் மன்னிப்பு பாவத்தின் குற்றத்தைப் போக்குகிறது. அந்தப் பாவம் உலகில் விளைவித்த சீர்கேட்டை அது தானாகச் சரிசெய்துவிடுவதில்லை. திருடியவர் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவதூறு பேசியவர் அதை வெளிப்படையாக மறுக்க வேண்டும். உயிரைப் பறித்தவர் எதைத் திருப்பிக் கொடுப்பார்? தூக்குமரத்துக்குப் போக இன்னும் ஆறு நாள்களே இருந்த ஒருவரால் செய்யக்கூடிய பரிகாரம் உண்மையைச் சொல்வது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அதை அவர் ஓரளவு செய்தார். 1946 ஏப்ரலில், நாஜித் தலைவர்களை விசாரித்த நியூரம்பெர்க் நீதிமன்றத்தில் அவர் அளித்த சாட்சியமும், போலந்துச் சிறையில் எழுதிய குறிப்புகளும், ஆஷ்விட்ஸில் எதுவும் நடக்கவில்லை என்று பொய் சொல்பவர்களுக்கு எதிராக இன்றும் நிற்கின்றன. ஆனால் கட்டளைக்குப் பணிந்தேன் என்ற சாக்கு அந்தக் குறிப்புகளில் திரும்பத் திரும்ப வருவதையும் மறுக்க முடியாது.

பாவ அறிக்கைக்கு இரண்டு நாள் கழித்து, ஏப்ரல் 12 அன்று, அவர் ஓர் அறிக்கை எழுதிக் கொடுத்தார். மனித குலத்துக்கு எதிராகத் தாம் செய்த குற்றங்களின் கொடுமையைத் தனிமைச் சிறையில் உணர்ந்ததாகவும், கடவுள் தம்மை ஒருநாள் மன்னிக்க வேண்டும் என்று விரும்புவதாகவும் அதில் எழுதினார். மனிதக் கனிவு என்னவென்பதைப் போலந்துச் சிறைகளில்தான் முதன்முறையாக அறிந்ததாகவும், அது தம்மை வெட்கப்படச் செய்ததாகவும் எழுதினார். தங்கள் நாட்டைச் சுடுகாடாக்கியவரை, அந்த நாட்டுச் சிறைக் காவலர்கள் மனிதராக நடத்தியிருக்கிறார்கள். கற்றறிந்த மறையுரைகளைவிட அந்த நடத்தையே அவரை அசைத்திருக்கிறது. இதை வாசிக்கும்போதெல்லாம் அந்தக் காவலர்களுக்காக இறைவனுக்கு நன்றி சொல்கிறேன்.

ஆனால் அதே அறிக்கையில் அவர் மன்னிப்புக் கேட்டது போலந்து மக்களிடம். யூதர் என்ற பெயர் அதில் இல்லை. பத்து லட்சம் பேரைக் கொன்றவர், தம் கடைசி நாள்களில் உண்மையாகவே மனம் வருந்தி எழுதிய தாளிலும் அவர்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. அவருடைய மனத்துயர் பொய் என்று நான் சொல்லவில்லை. அதைத் தீர்ப்பிட நான் யார்? மனிதரின் மனமாற்றம் எவ்வளவு குறையுள்ளதாக இருக்கக்கூடும் என்பதற்கு அந்தத் தாள் சாட்சி. அதனால்தான், இறப்புக்குப் பின் தூய்மை பெறுதல் என்னும் உத்தரிப்பு நிலையைப் பற்றிய எங்கள் போதனை, இத்தகைய வாழ்க்கைகளைக் காணும்போது எனக்குப் பொருளுள்ளதாகத் தெரிகிறது. திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட், 2007-இல் எதிர்நோக்கைப் பற்றி எழுதிய சுற்றுமடலில், தீமை செய்தவர்கள் எதுவுமே நடக்காததுபோலத் தங்களால் துன்புறுத்தப்பட்டவர்களின் பக்கத்தில் நிலைவாழ்வின் விருந்தில் அமர்வதில்லை என்று தெளிவாகச் சொல்கிறார்.

அந்த யூதத் தாயைப் பற்றிய கேள்விக்கு மௌனமாக இருக்கத் தேவையில்லை. தம் குற்றமின்றிக் கிறிஸ்துவை அறியாமல், நேர்மையான உள்ளத்தோடு கடவுளைத் தேடுபவர்கள் மீட்படைய முடியும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் அறிவித்தது. கடவுள் யூத மக்களுக்குக் கொடுத்த அழைப்பைத் திரும்பப் பெறுவதில்லை என்ற பவுலடியாரின் சொல்லை (உரோமையர் 11:29) அடுத்த ஆண்டில் மீண்டும் எடுத்துரைத்தது. நச்சுவாயு அறைக்குள் சென்ற அந்தத் தாயைக் கடவுள் கைவிட்டார் என்று சொல்ல எந்தக் கிறிஸ்தவருக்கும் அதிகாரம் இல்லை.

பதில்: சமய ஒப்பாய்வு மாணவர்

கொல்லப்பட்டவர்கள் யூதர்கள் என்பதால், மன்னிப்பைப் பற்றி அவர்களுடைய மரபு சொல்வதையும் கேட்பது நியாயம். யூதரின் பழைய சட்டத் தொகுப்பாகிய மிஷ்னாவில், பாவநிவாரண நாளைப் பற்றிய பகுதியில் ஒரு விதி உண்டு: மனிதன் தேவனுக்கு எதிராகச் செய்தவற்றுக்கு அந்த நாள் நிவாரணம் செய்யும், தன் அயலானுக்கு எதிராகச் செய்தவற்றுக்கு, அயலானைச் சமாதானப்படுத்தும்வரை அந்த நாளும் நிவாரணம் செய்யாது. இந்த விதியின்படி கொலை தனித்து நிற்கிறது; ஏனெனில் சமாதானப்படுத்தப்பட வேண்டியவர் உயிரோடு இல்லை. காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னே வைத்துவிட்டு, முதலில் உன் சகோதரனோடே ஒப்புரவாகு என்று மத்தேயு 5-இல் இயேசு சொல்வதும் இதே மண்ணிலிருந்து எழுந்த போதனைதான். ஆகையால் யூதர்கள் பலர் ஹோஸின் மன்னிப்பை ஏற்க மறுப்பதை நாம் வன்மம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இறந்தவர்களுக்குப் பதிலாக மன்னிக்கும் உரிமை எங்களுக்கு இல்லை என்று அவர்கள் சொல்கிறார்கள். அதில் இறந்தவர்களின் மீதான மரியாதை இருக்கிறது.

பதில்: சபை ஊழியத்தில் உள்ள ஒரு சகோதரி

இந்தக் கேள்வியை ஆஷ்விட்ஸோடு நிறுத்திவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கொடுமை வீட்டுக்குள்ளும் நடக்கிறது. அங்கேயும் மன்னிப்பு என்ற பேரில் பாதிக்கப்பட்டவரின் வாய் அடைக்கப்படுகிறது. குடித்துவிட்டு மனைவியின் கையை முறித்த ஒருவர், உபவாசக் கூட்டத்தில் முழங்காற்படியிட்டு அழுததைப் பார்த்து, கூடியிருந்தவர்கள் அல்லேலூயா சொன்னார்கள். கட்டுப்போட்ட கையோடு பின்வரிசையில் உட்கார்ந்திருந்த மனைவியிடம் மூப்பர்கள் வந்து, “கர்த்தரே மன்னித்துவிட்டார், நீ ஏனம்மா இன்னும் மனதில் வைத்திருக்கிறாய்? போலீசில் கொடுத்த புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்” என்றார்கள். இது எந்தச் சபை என்று சொல்ல வேண்டியதில்லை. பெண்கள் மத்தியில் ஊழியம் செய்கிற எவரும் இதைப்போன்ற ஒன்றைக் கண்டிருப்பார்கள். தேவன் மன்னித்தார் என்னும் செய்தி, அடித்தவருக்கு மட்டும் ஆறுதலாகவும் அடிபட்டவருக்குக் கட்டளையாகவும் வந்து சேருமானால், நாம் சுவிசேஷத்தை எங்கோ கெடுத்துவிட்டோம்.

1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூர் கிராமத்தில், ஜீப்பில் உறங்கிக்கொண்டிருந்த ஆஸ்திரேலிய மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸும் அவருடைய பிள்ளைகள் பிலிப்பும் தீமோத்தேயும் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். ஒருவனுக்குப் பத்து வயது, மற்றவனுக்கு ஆறு. கொன்றவர்களை மன்னித்துவிட்டேன் என்று அவருடைய மனைவி கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் அம்மையார் சொன்னதை நாம் நூற்றுக்கணக்கான மேடைகளில் சாட்சியாகச் சொல்லிவிட்டோம். சட்டம் தன் வழியில் செல்வதற்குத் தம்முடைய மன்னிப்பு தடையல்ல என்று அவர் சொன்னதை மட்டும் அதிகமாக யாரும் எடுத்துச் சொல்வதில்லை. அந்த அம்மையார் மன்னித்தது அவர் தாமாகவே கொடுத்தது. எந்த மூப்பரும் அவருடைய வாயில் அதைத் திணிக்கவில்லை. அதற்குப் பின்பும் சில ஆண்டுகள் பாரிபடாவிலேயே தங்கி, தொழுநோயாளிகளுக்கான பணியைத் தொடர்ந்தார். வழக்கும் நடந்தது, உச்ச நீதிமன்றம் 2011-இல் முதன்மைக் குற்றவாளியின் ஆயுள் தண்டனையை உறுதிசெய்தது.

வேதபாட ஆசிரியர் (மீண்டும்)

அனைவருக்கும் மிக்க நன்றி. போதகர் ஐயாவிடம் இன்னும் ஒன்று கேட்கிறேன். சமாதானப்படுத்தப்பட வேண்டியவர் கொலையுண்டவரே என்றால், தேவன் கொலையாளியை மன்னிப்பது எந்த உரிமையில்? 51-ஆம் சங்கீதத்தில், உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு அவனைக் கொல்வித்த தாவீது ராஜா, “தேவரீர் ஒருவருக்கே விரோதமாக நான் பாவஞ்செய்து” என்று சொல்வது உரியாவை மறந்துவிட்ட ஜெபம்போல இப்போது என் காதில் விழுகிறது.

ஓய்வுபெற்ற போதகர்

உங்கள் கேள்வி நேர்மையானது. அந்த வசனத்தை வைத்து உரியாவை மறக்கிறவர்கள் உண்டு. ஆனால் தாவீதை அந்த ஜெபத்துக்குக் கொண்டுவந்தவர் நாத்தான் தீர்க்கதரிசி. அவர் உரியாவின் பெயரை அரசன் முகத்துக்கு நேரே சொன்ன பிறகே பாவமன்னிப்பை அறிவித்தார். கர்த்தர் உமது பாவத்தை நீங்கச்செய்தார் என்று சொன்ன அதே வாயால், பட்டயம் உன் வீட்டை விட்டு என்றைக்கும் விலகாது என்றும் சொன்னார்.

தேவனுடைய உரிமையைப் பற்றி நான் விசுவாசிப்பது இது. மிகவும் சிறியவராகிய இவர்களில் ஒருவனுக்கு எதைச் செய்தீர்களோ அதை எனக்கே செய்தீர்கள் என்று மத்தேயு 25-இல் ஆண்டவர் சொல்லுகிறார். அந்த வார்த்தையை அப்படியே எடுத்துக்கொண்டால், உரியா செத்து விழுந்தபோதும், அந்தத் தாய் மூச்சடங்கியபோதும் அடிபட்டவர் அவரே. தூரத்தில் இருந்துகொண்டு மற்றவர்களுக்கு நேர்ந்ததை மன்னித்துவிடுகிற அதிகாரியாக அவர் நிற்கவில்லை, இழந்தவராகவே நிற்கிறார். “பிதாவே, இவர்களுக்கு மன்னியும்” என்று கேட்டவருடைய கைகளில் அப்போது ஆணிகள் இருந்தன. அப்படிக் கேட்பதால் கொலையுண்டவர்களை அவர் ஓரமாக ஒதுக்கிவிடவில்லை. உயிர்த்தெழுந்த பின்பும் தோமாவிடம் தம் காயங்களைக் காட்டினவர் அவர்.

இந்த விசுவாசத்தை யூதர்கள்மேல் நாம் சுமத்த முடியாது. அவர்களுடைய மறுப்பைக் குறித்துச் சகோதரர் மேலே எழுதியதை நான் முழுமனதோடு மதிக்கிறேன். அடுத்த வகுப்பில், லூக்கா 23-இல் கள்ளனுடைய பகுதியை வாசிக்கும்போது 41-ஆம் வசனத்தில் சற்று நின்று வாசியுங்கள். என்னை நினைத்தருளும் என்று கேட்பதற்கு முன்பே, நாம் நடப்பித்தவைகளுக்குத் தக்க பலனை அடைகிறோம் என்று அந்த மனிதன் எல்லார் காதிலும் விழச் சொன்னான்.